சரசு, அது பித்தம் இல்லடி

அன்புள்ள சரசுவுக்கு,

உன் தலைசுத்தல் விஷயத்தை உன் தங்கச்சி போன்ல சொன்னா. நீ பித்தம்னு முடிவு கட்டி, விடிஞ்சதும் வெறும் வயித்துல இஞ்சிச் சாறு குடிக்கிறியாமே, நல்லா இருக்குடி உன் வைத்தியம்! படுக்கையில புரண்டா சுத்துது, பரணை அண்ணாந்து பார்த்தா சுத்துது, ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கிடுது. போன வருஷம் எனக்கும் இதே கூத்துதான் கண்ணு. இவர் பிரஷர்னார், மாமியார் கண்ணேறுன்னு மிளகாய் சுத்திப் போட்டாங்க (அவங்களுக்கு எல்லாத்துக்கும் மிளகாய்தான், விக்கிற விலை தெரிஞ்சாத்தானே), கடைசியில காது மூக்கு தொண்டை டாக்டர்தான் பிபிபிவின்னு பேர் சொன்னார்.

உள்காதுல சுண்ணாம்புச் சத்தால ஆன பொடிப்பொடிப் படிகங்கள் இருக்காம், நாம நிமிர்ந்திருக்கோமா சாயறோமான்னு மூளைக்குத் தெரியறதே அதாலதானாம். அது உதிர்ந்து பக்கத்துல நீர் நிரம்பின அரைவட்டக் குழாய்க்குள்ள போயிட்டா, தலையைத் திருப்புறப்பெல்லாம் அந்த நீரை அசைச்சு, சும்மா படுத்திருக்கறவளைச் சுத்துறவளா ஆக்கிடுது. 50 வயசு தாண்டினவங்களுக்குத்தான் ஜாஸ்தியாம், அதுலயும் பொம்பளைங்க நமக்கே முன்னுரிமை!

டாக்டர் என் தலையை 45 டிகிரி திருப்பி, படக்குனு மல்லாக்கச் சாய்ச்சு, கண்மணி துடிக்கறதை வச்சே எந்தக் காதுன்னு கண்டுபிடிச்சார். அப்புறம் தலையை மறுபக்கம் திருப்பி, தரையைப் பார்க்கற மாதிரி ஒருக்களிக்க வச்சு, மெல்ல எழுப்பி உட்கார வச்சார்; குடத்தைச் சாய்ச்சுச் சாய்ச்சு அடி மண்ணை வெளியேத்துற மாதிரி. ஒவ்வொரு நிலையிலயும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம், அவ்வளவுதான். நடுவுல சுத்தி எடுத்துச்சு, அவர் சட்டையைப் பிடிச்சுத் தொங்காத குறை. இந்த முறை ஜான் எப்லின்னு ஒரு அமெரிக்க டாக்டர் கண்டுபிடிச்சதாம், ஆரம்பத்துல சக டாக்டர்களே அவரை நம்பலையாம். 1992-ல வந்த அவர் கட்டுரைக்கு அப்புறந்தான் பரவிச்சாம். மாத்திரை குமட்டலை அடக்கும், படிகத்தை நகர்த்தாதுடி, அதனால மாசக்கணக்கா முழுங்காதே. சரியானாலும் திரும்ப வரலாம். வந்தா மறுபடி இதே வைத்தியம்தான்.

போன்ல வீடியோ பார்த்து நீயா பண்ணிடாதே, உனக்குக் கழுத்து வலி வேற இருக்கு, எந்தக் காதுன்னும் தெரியாது. சுத்தலோட பேச்சு குழறினாலோ, ரெட்டையா தெரிஞ்சாலோ, கை கால் வலுவிழந்தாலோ, நடக்கவே முடியாம தள்ளினாலோ, அது வேற சங்கதி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். டாக்டரைப் பார்த்துச் சரியாகற வரைக்கும் ஸ்டூல் மேல ஏறாதே, காலையில கட்டில் ஓரத்துல கொஞ்சம் உட்கார்ந்துட்டு எழுந்திரு.

இஞ்சியை டீயில போடு, இந்த வாரமே டாக்டரைப் பாரு, எந்தக் காதுன்னு எனக்கு எழுது.

உன்,
விஜயா