காடு மூடிய கிணறு

பாடசாலை விடுமுறையில் நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் மன்னாரிலிருந்து தெற்கே புறப்பட்டோம். அரிப்பில், ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் கட்டுவித்த மாளிகை இடிந்து கடலை நோக்கிச் சரிந்து நிற்கின்றது. சிலாவத்துறையைக் கடந்ததும் வலப்புறம் கடற்காற்று; இடப்புறம் பாலையும் வீரையும் செறிந்த காடு.

மறிச்சுக்கட்டியை அண்மியபோது, பற்றைக்குள்ளே கட்டு இடிந்த கிணறொன்றைக் கண்டோம். அருகே ஒரு புளிய மரம்.

“காட்டிற்குள் கிணறு வெட்டியவர் யார்?” என்று எங்களுள் ஒருவர் கேட்க, மற்றவர் மறுமொழி கூறவில்லை. விடை இருவருக்கும் தெரியும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாய்க் கிடந்த இருபது ஆண்டுகளில் அவர்தம் முற்றங்களில் மரங்கள் வளர்ந்தன. 2009இல் யுத்தம் முடிந்து அவர்கள் மீளத் தொடங்கினர். 2012இல் இப்பகுதியில் ஒதுக்கக் காடு பிரகடனஞ் செய்யப்பட்டது. சொந்த ஊருக்கு மீண்டவர்கள் ‘காடழிப்போர்’ ஆயினர்.

காடு காக்கப்பட வேண்டியதே. அதை நாங்களும் வகுப்பிற் போதிக்கின்றோம். ஆயினும், இம்மரம் எவர் முற்றத்தில் முளைத்தது என்று கேளாத இயற்கைப் பற்று நீதியாகாது. எங்களைப் பெற்ற தலைமுறையிற் பெரும்பாலோர் அன்று வாய் திறக்கவில்லை. நாங்களோ, இன்றுவரை அதைப் பற்றி மாணவரிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

வருந் தவணையில் அக்கிணற்றிலிருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.