அரை அங்குல போல்ட்

என்னிடம் வேலை பார்த்த பையனின் கால்விரல்கள் போனதற்கு நான்தான் காரணம். அவன் மீது பழி போட்டதும் நான்தான்.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய டிரில்லிங் மிஷின் அது. இங்கிலாந்தில் வார்த்தது, பட்டை பெல்ட்டில் ஓடியது. டேபிளை ஏற்றி இறக்கும் ரேக் இல்லை. டேபிளைத் தூணோடு இறுக்கும் போல்ட்டும் இல்லை. ரேக் இல்லாத மிஷினில் அத்தனை கனத்தையும் தாங்குவது அந்த ஒரு போல்ட்தான்.

அந்தக் காலத்து இங்கிலீஷ் மிஷின்களில் விட்வொர்த் மரை இருக்கும். 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்தது, கோணம் 55 பாகை. என் கையில் கிடைத்த அரை அங்குல போல்ட்டில் இருந்தது யு.என்.சி. மரை, அதற்கு 60 பாகை. பல அளவுகளில் இரண்டிலும் அங்குலத்துக்கு மரை எண்ணிக்கை ஒன்றேதான். அரை அங்குலத்தில் மாறும்: விட்வொர்த்துக்கு 12, யு.என்.சி.க்கு 13. இது எனக்குத் தெரியும். மரை கேஜ் மேஜை டிராயரில் கிடந்தது. எடுக்கவில்லை.

சில சுற்றில் போல்ட் இறுகியது. ஸ்பானரில் குழாயை மாட்டி முறுக்கினேன். உள்ளே வார்ப்பிரும்பு மரை அரைபட்டது. நல்ல பிடி என்று எடுத்துக்கொண்டேன்.

"தூணுல கீழ ஒரு காலர் போட்டுடலாங்ணா. நழுவுனாலும் நிக்கும்," என்றான் பையன். வேண்டாம் என்றேன். பழைய மிஷினைப் பழையபடியே நிறுத்தினேன் என்று பார்ப்பவர்களிடம் சொல்ல ஆசை. காலர் அந்த அழகைக் கெடுக்கும் என்று பட்டது. பத்தொன்பது வயதுப் பையன் எனக்குச் சொல்வதா என்ற எண்ணமும் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

அவன் லீவரை அழுத்தித் துளை போட்டபோது டேபிள் இறங்கியது. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை இனி அவனுக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "போல்ட்டை அவன் தளர்த்தியிருக்கணும்," என்றேன். அன்றிரவே அதைக் கழற்றினேன். மரை முழுக்க இரும்புத் தூள். பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தேன்.

பணம் கொடுக்கப் போனபோது அவன் அப்பா எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "பெரியவங்க மாட்டுனதை நீ எதுக்குடா தொட்டே?" என்று திட்டினார். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.