கண்டக்டர் மாமா இறக்கிவிட்டுருவாரு

பகல் பன்னிரண்டரை மணி வெயில். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் கான்சாபுரம் வண்டி இன்னும் கிளம்பியிருக்காது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக ஏறும் தாயின் மூத்த பிள்ளை, சன்னலோரம் கிடைக்கவில்லை என்று தரையில் உட்கார்ந்து கத்தத் தொடங்கும். வண்டியே திரும்பிப் பார்க்கும். “கத்தாதல, கண்டக்டர் மாமா இறக்கிவிட்டுருவாரு” என்பாள் அம்மா. கண்டக்டரும் தன் பங்குக்குக் கண்ணை உருட்டுவார். பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: “ரெண்டு போடு போட்டாத்தான் அடங்கும்.” அடி விழும். சத்தம் இரண்டு மடங்காகும்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் டிக்கெட் வேண்டாம் என்று 2022-ல் அரசு அறிவித்தது. ஆஸ்பத்திரி, துணிக்கடை, கோயில் என்று பிள்ளைகளோடு வெளியே கிளம்புவது எளிதாகிவிட்டது. நாலு பேர் பார்க்க அவர்கள் அழுது புரளும் தருணங்களும் அதற்கேற்பக் கூடியிருக்கும்.

சேட்டைக்காரப் பிள்ளையைப் பற்றிய புகார் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான பெரியாழ்வார் யசோதையாகத் தன்னைப் பாவித்துக் கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் பாடினார். வெண்ணெயை விழுங்கிவிட்டுப் பாத்திரத்தை உடைக்கிறான், உன் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் யசோதையிடம் முறையிடுவதற்கென்றே அதில் ஒரு பதிகம் உண்டு. அவர் மகள் ஆண்டாளோ, மணலில் கட்டிய சிறுவீட்டைக் கலைக்க வேண்டாம் என்று கண்ணனிடம் கெஞ்சும் சிறுமியரின் குரலில் பாடினாள். பின்னாளில் ஆண்பால் பிள்ளைத்தமிழ் இலக்கணம் பத்துப் பருவங்களை வகுத்தபோது, சிற்றில் சிதைத்தலையும் ஒரு பருவமாகவே வைத்தது. அடுத்தவர் கட்டியதைக் கலைப்பதும் வளர்ச்சியில் ஒரு கட்டம் என்று ஏற்றுக்கொண்ட மரபு இது.

ஆராய்ச்சியாளர்களும் ஏறக்குறைய அதையே சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஒன்றரை முதல் ஐந்து வயது வரையிலான 335 பிள்ளைகளின் அடத்தைப் பற்றிப் பெற்றோர் தந்த விவரங்களை மைக்கேல் போட்டேகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். நாலில் மூன்று தடவை அடம் ஐந்து நிமிடத்துக்குள் ஓய்ந்துவிட்டது. கோபம் தொடக்கத்திலேயே உச்சிக்குப் போய் இறங்குகிறது. அழுகை மட்டும் நீடிக்கிறது. உச்சியில் இருக்கும்போது சொல்லும் புத்திமதி காதில் ஏறாது. ஐந்து நிமிடம் பொறுத்தால் அந்தப் பிள்ளையே மடியைத் தேடி வரும்.

இதற்கும் முன்னால், 1931-லேயே ஃப்ளோரன்ஸ் குட்எனஃப் பிள்ளைகளின் கோபத்தைப் பற்றித் தனி நூல் எழுதினார். சாப்பாட்டு வேளைக்கும் தூக்கத்துக்கும் முன்புதான் கோபம் அதிகம் வெடிக்கிறது என்று அவர் கண்டார். பகல் பன்னிரண்டரை மணி பஸ்ஸில் நடப்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. பசி, தூக்கம், வெக்கை, நெரிசல் ஆகிய நாலில் இரண்டு சேர்ந்தாலே பெரியவர்களுக்கும் நாக்கு தடிக்கிறது.

அப்படியானால் அடி எதற்கு விழுகிறது? பெரும்பாலும் பார்ப்பவர்களுக்காக விழுகிறது. வீட்டில் இதே கூத்துக்குச் சிரித்துவிட்டுப் போகும் தாய், “என்ன பிள்ளை வளர்த்திருக்கா” என்ற பார்வைக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் கையை ஓங்குகிறாள். பள்ளியில் ஆசிரியர் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் தடைசெய்தது. பஸ்ஸிலோ அடிக்கச் சொல்லி உடன் பயணிப்பவர்களே எடுத்துக்கொடுக்கிறார்கள்.

அடியைவிட மோசமானது அந்தக் ‘கண்டக்டர் மாமா’ மிரட்டல். “போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவேன்”, “டாக்டர் ஊசி போட்டுருவாரு” என்பவை செலவில்லாத ஆயுதங்கள். ஆடிப்பூரத் தேர் அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதிகளை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்கும் கூட்டத்தில் கை நழுவிய நாலு வயதுப் பிள்ளைக்கு அங்கே உடனே உதவக்கூடியவர் காக்கிச் சட்டைக்காரர். அவரைக் கண்டதும் ஒளிந்துகொள்ளத்தான் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. ஹோட்டலில் சாம்பார் வாளியோடு வருபவரின் காலுக்கு நடுவே ஓடினால், ரயிலில் முன்சீட்டை உதைத்தால், பெற்றோர் எழுந்து போய் நிறுத்தத்தான் வேண்டும். சத்தம் போடாமல், கையைப் பிடித்து, வெளியே கூட்டிக்கொண்டு போனால் போதும். ராஜபாளையத்தில் ரயில் ஏறும் முன்பே வயிற்றுக்குக் கொஞ்சம் கொடுத்துவிடுவது பாதி வேலையை முடித்துவிடும். பால்கோவாவுக்கும் இதே கணக்குத்தான். வாங்கித் தருவதானால் கடைக்குள் நுழையும்போதே சொல்லிவிடலாம். மறுத்துவிட்டுப் பிறகு அழுகைக்குப் பணிந்தால், அழுதால் கிடைக்கும் என்பதைப் பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். அழுகையை நிறுத்தச் செல்போனை நீட்டுவதும் அதே பாடம்தான்.

இன்னொன்றையும் பார்ப்பவர்கள் நினைவில் வைப்பது நல்லது. எல்லா அடமும் செல்லத்தால் வருவதில்லை. 2022 மே 7-ஆம் தேதி ராஞ்சி விமான நிலையத்தில் பதற்றமடைந்திருந்த மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை இண்டிகோ நிறுவனம் விமானத்தில் ஏற்ற மறுத்தது. சக பயணிகள் சிலர் அந்தக் குடும்பத்துக்காகப் பரிந்து பேசினார்கள். விமானப் போக்குவரத்து இயக்ககம் நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. இன்னும் பரிவோடு கையாண்டிருந்தால் அந்தப் பிள்ளை அமைதியடைந்திருப்பான் என்றும் சொன்னது.

எனவே அடுத்த முறை பக்கத்தில் ஒரு பிள்ளை அழுதால், தாயை முறைக்காதீர்கள். அடிக்கச் சொல்லி எடுத்துக்கொடுக்காதீர்கள். அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சன்னலோர இடத்தை விட்டுக்கொடுங்கள். போலீஸ்காரரையும் டாக்டரையும் கண்டக்டரையும் மட்டும் பூச்சாண்டியாக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு என்றாவது ஒருநாள் அவர்கள் தேவைப்படுவார்கள்.