நுனியை இழுத்தால்

கறுப்பி உப்பளத்து நாய். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கி, வேலையாட்கள் வருவது நின்றதும் சோறு தேடி என் திண்ணைக்கு வந்தது, பிறகு போகவில்லை. அதன் கழுத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை போடலாமென்று குரோஷா ஊசியை எடுத்தேன். மூன்று மாலை வேலை. முடித்துத் தரையில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கறுப்பி நூல் நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடுகிறது. பட்டை வரிசை வரிசையாக அவிழ்ந்து வெறும் நூலாகிக்கொண்டிருந்தது.

மீன் கொண்டுவந்த குப்பத்துப் பெரியவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா, நம்ம வல மாதிரி இருக்குதேன்னு பாத்தேன். வல இப்டியா அவுரும்?"

கடைசிக் கண்ணியை இறுக்காமல் விட்டது என் தப்புதான். ஆனால் அவர் கேட்டது மனதில் தங்கிவிட்டது. அதுவரை, கடற்கரைப் பெண்ணான நான் செய்வது வலைப் பின்னலின் தங்கச்சி என்றே நினைத்திருந்தேன். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், வலை முடிவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு முடிச்சு. நடுவில் ஒன்று அறுந்தாலும் மற்றவை நிற்கும். குரோஷாவில் முடிச்சே இல்லை. ஒரு கண்ணிக்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்தால் அடுத்த கண்ணி, அவ்வளவுதான். இரண்டும் ஒரே குடும்பம் இல்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? எனக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மா. அம்மாவுக்குக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளிக்கூடம். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

"லேஸ்னா நாகர்கோவில்தான்" என்றாள் தோழி. அந்தக் கதை அழகானது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் 1819இல் நாகர்கோவில் வந்தார். அவர் மனைவி மார்த்தா அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு அந்தக் கைவேலையைக் கொண்டுபோனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவரின் வீட்டிலிருந்தா என் கொக்கி வந்தது என்று ஒரு வாரம் பெருமையாகத் திரிந்தேன். பிறகுதான் பார்த்தேன்: அது திண்டு லேஸ். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அதில் கொக்கிக்கு வேலையே இல்லை.

அடுத்தது புதுச்சேரி. இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்து. குளூனி சபைச் சகோதரிகள் 1827இலேயே அங்கே வந்தவர்கள், ரோமன் ரோலன் தெருவில் அவர்களின் பூவேலை நிலையம் இன்றும் இருக்கிறது. அங்கேயும் துணியும் தையல் ஊசியும்தான். ஆனால் பெயருக்கு விடை கிடைத்தது. குரோஷே என்றால் பிரெஞ்சில் சின்னக் கொக்கி. நாம் நாக்குக்கு வாகாகக் குரோஷா ஆக்கிக்கொண்டோம்.

வயதைக் கேட்டால்தான் ஆச்சரியம். வலைக்கு வயது ஆயிரக்கணக்கில். குரோஷாவுக்கு இருநூறு சொச்சம். 1820களில் ஒரு டச்சுப் பத்திரிகையில் இதன் மாதிரிகள் அச்சாகின. 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தில் கன்னிமடங்கள் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தன. பட்டினி கிடந்த வீடுகளில் போட்ட லேஸ் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போனது. நம் பக்கத்தில் மிஷனரிகள் வழியாக இது ஆழமாக வேர் பிடித்த ஊர், கோதாவரி முகத்துவாரத்து நரசாபூர். 2024இல் அந்த ஊர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நரசாபூரைப் பற்றி ஜெர்மன் ஆய்வாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். உலகச் சந்தைக்கு நாள் முழுக்க லேஸ் போட்ட பெண்களை எல்லோரும் 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்' என்றே சொன்னார்கள், அதனால் கூலியும் சும்மா கொடுப்பதுபோல இருந்தது என்பது அதன் சாரம். இங்கே வெயிலில் உப்பு வாரும் பெண்ணைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதே பெண் மழைக்காலத்தில் திண்ணையில் ஊசியோடு உட்கார்ந்தால் சொல்வார்கள். எனக்கே சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாயோடு நடக்க வருபவர்களுக்காகப் போடுகிறேன்: கழுத்துப் பூ, நாய் முகம் வைத்த சாவிக்கொத்து, நாயின் கழிவை எடுக்கும் பைகளைச் சுருட்டி வைக்க ஒரு சின்ன உறை. உப்புக் காற்றில் இரும்புக் கொக்கி ஒரு மாதத்தில் துருவேறி வெள்ளை நூலில் பழுப்புக் கறை வைக்கும், அது துவைத்தாலும் போகாது. மூங்கில் ஊசிக்கு மாறிவிட்டேன், வளையங்கள் பித்தளையில்.

உறை ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. விலை சொன்னதும் பலர் கேட்பது, "மெஷின்ல போட்டா கம்மியா வருமே?" ஸ்வெட்டருக்கு மெஷின் உண்டு, லேஸுக்கும் உண்டு. அசல் குரோஷா போடும் மெஷின் கடைகளுக்கு இன்னும் வரவில்லை. நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குரோஷா பையும் எங்கோ ஒருத்தியின் கையில் போட்டதுதான்.

கறுப்பிக்குப் புதுப் பட்டை போட்டாயிற்று. இந்தத் தடவை கடைசிக் கண்ணியை இறுக்கி, நுனியை நாலு வரிசை உள்ளே விட்டுத் தைத்திருக்கிறேன். வாங்குகிறவர்களுக்கு ஒன்று: அழகுக்கு மட்டும் கட்டுங்கள், சங்கிலியை நைலான் பெல்ட்டில் மாட்டுங்கள். குரோஷா இழுத்தால் நீளும், நாய் தலையை உருவிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிடும்.