எகிப்துக் காயிதம்

1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவை விட்டுப் போகச் சொன்னபோது, எதை எடுப்பது எதை விடுவது என்று நின்று யோசிக்க நேரமிருக்கவில்லை. ஒலிபெருக்கியில் சொன்னார்கள், கடற்கரைக்கு வந்தோம், வள்ளம் கிடைத்தபோது ஏறி கற்பிட்டிப் பக்கம் இறங்கினோம். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர். அதில் பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்தில்தான் வந்து நின்றது. எங்கள் குடும்பம் மாம்புரியில் ஒரு தென்னந்தோட்டத்து ஓரத்தில் கிடுகுக் கொட்டில் போட்டது. அந்தப் பெருங்கதையை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு மறக்காமல் கிடப்பது மூத்தும்மாவின் றங்குப்பெட்டி.

அரிசி வந்தது, குர்ஆன் வந்தது, பிள்ளைகள் வந்தோம். பெட்டி வரவில்லை. அதற்குள் நகை ஒன்றும் இல்லை. பூச்சி அரிக்காமலிருக்க வேப்பிலை போட்டு வைத்த கடிதக் கட்டு ஒன்றுதான் இருந்தது. மூத்தவாப்பா இரண்டாம் உலகப் போரில் பயனியர் படையில் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போனவர். துவக்குப் பிடித்த வீரக்கதை எதுவும் அவரிடம் கிடையாது. மூட்டை இறக்கினார், பாதை வெட்டினார், மணலில் படுத்தார். அங்கிருந்து எழுதியதெல்லாம் எங்கள் வீட்டில் 'எகிப்துக் காயிதம்' என்றே பேர் பெற்றது.

அவை அரபுத்தமிழில் இருந்தன. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்குத் தமிழ் எழுத்து வராது, ஓதப் பழகிய எழுத்து வரும். அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதலாகப் புள்ளி வைத்து, அந்த எழுத்திலேயே தமிழை எழுதிவிடுவார்கள். அதனால் புருசன் எழுதியதை வாசிக்க மூத்தும்மா எந்த மாஸ்டரிடமும் போய் நிற்கவில்லை. தபால்காரர் கொடுத்ததும் அடுப்படிக்குக் கொண்டுபோய்த் தானே வாசித்துக்கொள்வாராம். உலகப் போரின் நடுவே ஒரு மனிசனும் மனிசியும் மூன்றாம் ஆள் இல்லாமல் பேசிக்கொண்டார்கள் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். ஆனால் அது முழு உண்மையல்ல. நடுவில் சென்ஸர் இருந்தான்.

ஒரு கடிதத்தில் ஒரு வரியைக் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த ஓட்டைக்குள் மூத்தும்மா விரலை விட்டுக் காட்டுவார். "இதுல என்னமோ இருந்திச்சி." ஊர்ப் பெயராகத்தான் இருக்கும், படை எங்கே நிற்கிறது என்று எழுதக் கூடாது என்பது சட்டம். படையாட்களின் கடிதத்தை அவரவர் பிரிவின் அதிகாரியே பிரித்துப் பார்ப்பது வழக்கம். அரபுத்தமிழை எந்த வெள்ளைக்கார அதிகாரி பார்ப்பது? எகிப்துக்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் அவர் எழுத்தைக் கூட்டி வாசித்திருப்பார், ஒரு சொல்லும் விளங்கியிராது. அப்படியிருந்தும் சரியான வரியைத் தேடி வெட்டியிருக்கிறார்கள். ஊரவன் எவனோ உதவியிருக்கிறான் என்பது மூத்தும்மாவின் முடிவு. அவன் யார் என்ற கோபம் அவருக்குச் சாகும்வரை போகவில்லை.

"மூத்தவாப்பா திரும்பி வந்த பிறகு அவரிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டன். அவருக்கே ஞாபகமில்லையாம்."

மற்றபடி அந்தக் கடிதங்களில் போர் இல்லை. தலையில் 786, பிறகு ஸலாம், பிறகு வீட்டு விசாரணை. வேலி அடைச்சாச்சா, ஆடு குட்டி போட்டதா, உங்கட வாப்பாவுக்கு இருமல் எப்படி. உம்மாதான் மூத்த பிள்ளை. அவர் பிறந்த செய்தி போய்ச் சேர்ந்த பிறகு வந்த கடிதத்தில் பாதிக்கு மேல் பிள்ளைக்கு என்ன பேர் வைப்பது என்ற யோசனைதான். அது வந்து சேர்வதற்குள் ஊரில் பேர் வைத்து முடித்துவிட்டார்கள்.

படித்தவன் என்ற முறையில் பிற்காலத்தில் இந்தக் கடிதத் தணிக்கையைப் பற்றித் தேடினேன். முதலாம் உலகப் போரில், 1914இல் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் பார்க்க பூலோன் நகரில் ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. அங்கே கடிதங்களிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். சிப்பாய்களும் இலேசுப்பட்டவர்களல்ல. கறுப்பு மிளகு தீர்ந்துபோகிறது, சிவப்பு மிளகாய் அப்படியே இருக்கிறது என்ற பாணியில் எழுதினார்கள். கறுப்பு என்றால் நம் ஆள், சிவப்பு என்றால் வெள்ளைக்காரன். சென்ஸருக்கு அதுவும் புரிந்துவிட்டது. அந்த அறிக்கைகள் இன்றும் லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. டேவிட் ஒமிஸி 1999இல் அவற்றிலிருந்து தெரிந்தெடுத்து ஒரு புத்தகமே போட்டார்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. மனைவிமார் கைக்குப் போய்ச் சேர்ந்த மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை மழையிலும் கறையானிலும் போய்விட்டன. ஒட்டுப் பார்த்தவன் எடுத்த பிரதி இருக்கிறது. மூத்தும்மா ஏசிய அந்தச் சென்ஸர், வெட்டியதோடு நிற்காமல் ஒரு பிரதியும் எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு இப்போது ஆதங்கமாக இருக்கிறது. மூத்தும்மாவுக்கு இது கேட்டிருந்தால் அகப்பையால் அடித்திருப்பார்.

மாம்புரியில் இருந்துகொண்டு இதை நினைப்பதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், பாலாவியில், மூத்தவாப்பா போன அதே போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம் இருந்தது. 'ரஜாலிய' என்று அதற்குப் பெயர். விமானத்தை யானை கட்டி இழுக்கும் படம் ஒன்று அங்கே எடுக்கப்பட்டது. மூத்தவாப்பா எகிப்து மணலிலிருந்து மன்னாருக்கு எழுதிய நாட்களில், அந்தத் தளத்திலிருந்த பையன்கள் புத்தளத்து வெக்கையிலிருந்து இங்கிலாந்துக்கு எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட கடிதங்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்துவைக்க லண்டனில் போர் அருங்காட்சியகமே இருக்கிறது. நம் கடிதங்களைக் கேட்டு யாரும் வரவில்லை.

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு மன்னாருக்குப் போய் எங்கள் வீட்டைப் பார்த்தேன். கூரை இல்லை, இரண்டு பக்கச் சுவர் நின்றது, உள்ளே உடைமரம் வளர்ந்திருந்தது. பெட்டியைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. வீட்டையும் காணியையும் இழந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது பழைய கடிதத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது? நட்டஈட்டுப் பத்திரத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. மூத்தும்மா மாம்புரி மண்ணில்தான் அடங்கியிருக்கிறார். கடைசிக் காலத்தில் அந்தக் கடிதங்களில் சிலதை மனப்பாடமாகச் சொல்வார். நாங்கள் சோற்றுக்கும் பங்கீட்டு அட்டைக்கும் ஓடிக்கொண்டிருந்தோம். ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஏதும் கிடந்தால், போர்க் கடிதமோ சவூதிக் கடிதமோ, இந்தக் கிழமையே எடுத்துப் போனில் படம் பிடியுங்கள். உறையையும் பிடியுங்கள், தபால் முத்திரையில் திகதி இருக்கும். அரபுத்தமிழில் இருந்தால், வாசிக்கத் தெரிந்த மூத்தவர்களிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிக் குரலைப் பதிந்துகொள்ளுங்கள். அவர்கள் வரவரக் குறைகிறார்கள். ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தோடு தொடர்பு கொண்டு, சேர்த்துவைக்க முடியுமா என்று கேளுங்கள்.