மகிழமரத்தடியில் ஒரு வினா

என் அக்காள் மகன் கணிப்பொறி விளையாட்டுகளில் பெருவிருப்புடையவன். சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் திருவொற்றியூரில் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென நிமிர்ந்து, "மாமா, இதில் வரும் ஒரு தெய்வத்தைக் கருணையே வடிவானது என்கிறார்கள். அதன் பூசைக்கோ ஓர் அப்பாவியைப் பலியிட வேண்டுமாம். அது எப்படி நல்ல தெய்வம் ஆகும்?" என்று வினவினான்.

இவ்வகைக் கற்பனை விளையாட்டுகளுக்கு முன்னோடி, 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதன் பிற்காலப் பதிப்புகளில் தெய்வங்களுக்கும் நல்லவை, தீயவை என முத்திரை உண்டு. முத்திரையிடுதல் எளிது; அதற்கேற்ப ஒழுகச் செய்தலே அரிது.

நான் வேறு மார்க்கத்தினன். எனினும் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், சேக்கிழார் பாடிய எங்கள் ஊர்க் கதையையே அவனுக்கு விடையாகச் சொன்னேன்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பினார் சுந்தரர். திருவாரூரில் பரவையாரை முன்னரே மணந்திருந்த அவர், "உன்னைப் பிரியேன்" எனச் சூளுரைக்க வேண்டியதாயிற்று. சன்னதியில் தாம் சூளுரைக்கும்போது மகிழமரத்தில் எழுந்தருளுமாறு இறைவனை வேண்டிக்கொண்டார். இறைவன் இல்லாத இடத்தில் உரைத்த சொல் தம்மைக் கட்டாது என்பது அவர் கணக்கு. சிவபெருமான் இசைந்தார். ஆயின், மகிழின்கீழ்ச் சூளுரைக்கச் சொல்லுமாறு சங்கிலியாருக்கும் அறிவித்துவிட்டார்! பின்னாளில் ஆரூர் நினைவில் ஊரெல்லை கடந்த சுந்தரர் இரு கண்ணொளியும் இழந்தார். வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக இச்சூளுறவு இன்றும் நினைவுகூரப்படுகிறது.

"அப்படியானால் நண்பரை ஏமாற்றிவிட்டாரா?" என்றான்.

"இல்லை. மரத்தில் இருப்பேன் என்ற சொல்லைக் காத்தார். நண்பருக்காக ஒரு பெண்ணை வஞ்சிக்க மட்டும் உடன்படவில்லை. கருணையும் நீதியும் ஒன்றையொன்று கைவிடாதிருப்பதே தெய்வத்தன்மை" என்றேன். என் விளக்கத்தில் எனக்கே சிறிது பெருமிதம்.

"சரி மாமா, சுந்தரருக்குக் கண் கிடைத்தது. சங்கிலியாருக்கு என்ன கிடைத்தது?"

நான் வாயடைத்துப் போனேன். மனிதர்க்கு மனிதர் செலுத்த வேண்டிய கடமையை 'ஹக்குல் இபாத்' என்கிறோம். பாதிக்கப்பட்டவர் மன்னிக்காதவரை அக்கடன் தீராது என்று மேடைகளில் பேசியவன் நான்.

என் அத்தா துறைமுகத்தில் சுமை தூக்கியவர். என் கல்லூரிக் கட்டணத்திற்காகக் காசிமேட்டில் மீன் விற்ற ஓர் அம்மையாரிடம் கடன் பெற்றிருந்தார். இறுதிப் படுக்கையில் என் கையைப் பற்றி, அதைத் தீர்த்துவிடுமாறு சொன்னார், நானும் வாக்களித்தேன். சீட்டு இல்லை, கேட்பாரும் இல்லை. ஆண்டுகள் ஓடின. தொழுகை தவறவில்லை, ஜக்காத்தும் தவறவில்லை; வாக்கு மட்டும் தவறியது. சுந்தரர் தேடிய மரம் ஒன்று எனக்கும் வாய்த்திருந்தது.

மறுவாரம் காசிமேடு சென்றேன். அம்மையார் காலமாகிவிட்டிருந்தார். அவர் மகளிடம் செய்தியைக் கூறிப் பணத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமலே முந்தானையில் முடிந்துகொண்ட அவர், "இவ்ளோ நாளா எங்கே இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

தெய்வங்களின் சடங்குகள் அறத்தோடு பொருந்துகின்றனவா என்று இளைஞர்கள் கேட்கட்டும். அது நல்ல கேள்வி. அக்கேள்வி நம் தொழுகைப் பாயையும் தேடி வரும் என்பதைப் பெரியவர்களாகிய நாம் மறவாதிருப்போமாக.