பம்ப்பை இறக்கும் மாதம்

நாவலூரில் எங்களை மாதிரி அபார்ட்மென்ட்வாசிகளுக்கு ஊரின் ஏரி எது என்று கேட்டால் பதில் வராது. தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள், குழந்தை கூடச் சொல்லும். ஓ.எம்.ஆரில் கட்டடங்கள் முதலில் வந்தன, குழாய் பின்னால் வரும் என்றார்கள். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை நிரப்புவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி. 2019 ஜூனில் சென்னை வறண்டபோது, இந்தச் சாலையில் இருக்கும் ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஊழியர்களிடம் சொன்னதற்குத் தண்ணீர்ப் பற்றாக்குறைதான் காரணம்.

அந்த லாரிகளில் ஒன்று என் தாய்மாமாவுடையது. 2013 மாடல், ஆறு சக்கரம், செகண்ட் ஹாண்டில் வாங்கியது. அவரே ஓனர், அவரே டிரைவர். எஃப்.சி. காட்டும் மாதம் வந்தால் அவர் வாயில் ஒரு வாக்கியம் வரும்: "மாப்ள, பம்ப்பை இறக்கணும்."

இந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடம் ஆனது. நான் மெக்கானிக்கல் படித்தவன் இல்லை. காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ், இப்போது சிறுசேரியில் கோடு எழுதுகிறேன்.

டீசல் இன்ஜினில் கார்ப்பரேட்டர் கிடையாது, ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதற்குள் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். எவ்வளவு டீசல் என்பதை முடிவு செய்வது இன்ஜெக்‌ஷன் பம்ப். மாமா லாரி மாதிரியான பழைய வண்டிகளில் இந்தப் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். அதிகபட்சம் இவ்வளவுதான் என்று கம்பெனியில் ஒரு ஸ்க்ரூவை வைத்து சீல் அடித்து அனுப்புவார்கள். அந்த சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருகினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் டீசல் உள்ளே போகும். இழுவை கூடும். இதற்குப் பெயர் பம்ப்பை ஏற்றுவது. பணக்காரப் பையன்கள் பிக்கப் வண்டியின் கம்ப்யூட்டரில் மேப்பை மாற்றி 'ரீமேப்' என்று சொல்வதும் இதே காரியம்தான். அங்கே லேப்டாப், இங்கே ஸ்க்ரூ டிரைவர்.

கூடுதல் டீசலுக்குக் கூடுதல் காற்று வேண்டும். அது வருவதில்லை. வண்டியில் டர்போ இருந்தாலும் அது சுற்றி வேகமெடுக்க ஒரு கணம் பிடிக்கும், டீசல் அதற்குள் வந்துவிடும். காற்று போதாமல் பாதி எரிந்த கார்பன் வெளியே வருகிறது. கறுப்புப் புகை என்று நாம் பார்ப்பது அதைத்தான். எங்கள் அபார்ட்மென்ட்டில் லாரி பின்னால் வந்து நிற்கும் இடத்தில், காம்பவுண்ட் சுவரில் சைலன்சர் உயரத்துக்கு ஒரு கறை உண்டு. பொங்கலுக்கு வெள்ளை அடித்தால் சித்திரையில் திரும்ப வந்துவிடும். அதற்கு நாலடி தள்ளித்தான் செக்யூரிட்டி அண்ணனின் நாற்காலி. டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் வகைப்படுத்தியது. அந்த நாற்காலி அதற்கப்புறமும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

போன தடவை மாமாவோடு நானும் போனேன். ஆன்லைனில் ஏதோ நம்பர் இணைக்க வேண்டும், ஓ.டி.பி. வரும், நீ கூட இரு என்றார். பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரு பழைய வேன், அதற்குள் கம்ப்யூட்டர், அதுதான் புகைச் சோதனை மையம். பம்ப் மெக்கானிக் ஊரில் இல்லாததால் ஸ்க்ரூவைத் தொடாமலே வந்திருந்தார் மாமா. ஏர் ஃபில்டரை மட்டும் காற்றடித்துச் சுத்தம் செய்திருந்தார்.

டீசல் வண்டிக்குச் சோதனை இப்படி: இன்ஜினைச் சூடாக்க வேண்டும். சைலன்சரில் ஒரு குழாயைச் செருகுவார்கள். நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்க வேண்டும், விட வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். மீட்டருக்குள் புகை போகும்போது ஒரு பக்கத்திலிருந்து விளக்கு, எதிர்ப்பக்கம் ஒரு சென்சார். புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்பதுதான் கணக்கு. பி.எஸ்-4க்கு முந்தைய வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் வரை அனுமதி, பி.எஸ்-4 வண்டிகளுக்கு 50.

மாமா மிதித்தார். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரை மூடிக்கொண்டார்கள். 81.

சோதனை செய்த தம்பிக்கு இருபது வயசு இருக்கும். திட்டவில்லை, காசும் கேட்கவில்லை. "அண்ணே, பம்ப்பை இறக்கிட்டு நாளைக்கு வாங்க, பாஸ் ஆயிடும்" என்றான். டாக்டர் வெறும் வயிற்றோடு வரச் சொல்வது மாதிரி இருந்தது அவன் குரல்.

மறுநாள் இறக்கினார்கள். 54. வண்டியைப் போட்டோ எடுத்து ஏற்றி, சான்றிதழ் அச்சாகி வந்தது. மாமா வண்டி வயசுக்கு அது ஆறு மாதம் செல்லும். அது இல்லாமல் பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம். எஃப்.சி.யும் முடிந்தது. அந்த வாரமே ஸ்க்ரூ மேலே ஏறியது.

நான் பார்க்கும் வேலையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. டெஸ்ட்டுக்காகக் கோடு எழுதுவது. டெஸ்ட் என்ன கேட்கும் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கேள்விக்கு மட்டும் சரியான பதில் தரும் புரோகிராம் எழுதிவிடலாம். பெரிய உதாரணம் உலகத்துக்கே தெரியும். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வேகன் மீது அறிக்கை வெளியிட்டது. ஸ்டியரிங் எப்படி இருக்கிறது, வேகம் என்ன, இன்ஜின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் வைத்து, தான் சோதனைக்கூடத்தில் இருக்கிறோமா ரோட்டில் இருக்கிறோமா என்று காரின் மென்பொருளே கண்டுபிடித்தது. ரோட்டில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை போனது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகள். இந்தியாவில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்த வருடக் கடைசியில் அறிவித்தார்கள். அதை வெளிக்கொண்டுவர உதவிய மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்ற பொறியாளர்களும் இருந்தார்கள். அவர்கள் செய்தது எளிமையான காரியம். அளக்கும் கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓட்டினார்கள்.

லாரி கதை இதைவிடப் பழையது. 1998 அக்டோபரில் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், வோல்வோ உட்பட ஏழு டீசல் இன்ஜின் நிறுவனங்கள் அமெரிக்க அரசோடு 100 கோடி டாலர் அளவிலான சமரசத்துக்கு வந்தன. சுமார் 13 லட்சம் கனரக இன்ஜின்கள் சோதனையில் சுத்தமாக இருந்து, நெடுஞ்சாலையில் டீசல் மிச்சம் பிடிக்க வேறு மாதிரி ஓடின என்பது குற்றச்சாட்டு. ஆக, மாமா செய்வதைக் கம்பெனிகளும் செய்திருக்கின்றன. ஒரு வித்தியாசம், மாமாவுக்கு ஒவ்வொரு தடவையும் கையால் திருக வேண்டியிருக்கிறது.

மாமாவை இந்த வரிசையில் நிறுத்திவிட்டுப் போய்விடலாம்தான். எனக்கு அப்படி முடிக்க மனசு வரவில்லை. காரணம் அந்தச் சோதனையிலேயே இருக்கிறது.

சோதனையின்போது லாரி காலி. நியூட்ரல். 12,000 லிட்டர் தண்ணீர் என்றால் 12 டன். அதை ஏற்றிக்கொண்டு, கிணற்றடி மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் அந்த மேட்டில்தான் வண்டி உண்மையில் புகைக்கிறது. மீட்டர் அங்கே வருவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடை இந்தச் சோதனை கேட்பதே இல்லை, டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி மட்டும்தான். புது கார் மாடல்களை நிஜ ரோட்டில் வைத்துச் சோதிக்கும் முறை 2023 ஏப்ரல் முதல் நம் நாட்டில் வந்துவிட்டது. பழைய லாரிக்கு இன்னும் டீக்கடை ஓர வேன்தான்.

மீட்டரிடம் இல்லாத இன்னொரு கேள்வி, இந்த ஸ்க்ரூவை ஏன் திருகுகிறார்கள் என்பது. மாமாவிடம் கேட்டேன்.

"ஏன் மாமா, இறக்கியே வச்சிருந்தா என்ன?"

"இழுக்காது மாப்ள. அஞ்சு நடை அடிக்கிற இடத்துல நாலுதான் அடிக்க முடியும். உங்க ஆளுங்க எல்லாருக்கும் ஏழு மணிக்குள்ள தண்ணி வேணும். எட்டாச்சுன்னா போன் மேல போன். அடுத்த நாள் வேற லாரிக்காரனைக் கூப்பிட்டுடறாங்க. அந்த அஞ்சாவது நடைதான் மாப்ள டியூவு."

என்னிடம் இருந்தது கணக்கு மட்டும்தான். ஐந்து நடையில் வரும் பணம் நாலு நடையில் வர வேண்டுமென்றால் லோடுக்குக் கால் பங்கு விலை ஏற வேண்டும். கறுப்புப் புகை என்பதே எரியாமல் வீணான டீசல்தான், ஆகவே பம்ப்பை இறக்கினால் மிச்சமாகும் டீசலைக் கழித்தால் அவ்வளவு கூடத் தேவைப்படாது. இதை எழுதி எடுத்துக்கொண்டு அசோசியேஷன் கூட்டத்துக்குப் போனேன். லாரிக்காரர் என் மாமா என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஐந்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: "வண்டிக்கு பொல்யூஷன் சர்டிஃபிகேட் இருக்கில்ல சார்?"

இருக்கு என்றேன்.

"அப்புறம் என்ன?"

அந்தக் காகிதம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாமா கையில் அது அபராதத்துக்கு எதிரான காகிதம். எங்கள் கையில் அது கேள்வி கேட்காமல் இருப்பதற்கான காகிதம். கேட்டவர் நல்ல மனிதர். அவர் பெண்ணுக்கு வீசிங் உண்டு, வீட்டில் ஏர் ப்யூரிஃபையர் இரண்டு வைத்திருக்கிறார்.

விலை ஏற்றம் நிறைவேறவில்லை. வேறொன்று நிறைவேறியது, அதையும் நான் எதிர்பார்க்கவில்லை. ஏழு மணிக்குள் ஏன் வேண்டும் என்று யாரோ கேட்க, யாருக்கும் காரணம் தெரியவில்லை. எங்கள் சம்ப் இரண்டு லோடு கொள்ளும். முந்தின நாள் மதியமே நிரப்பி வைத்துக்கொண்டால் காலை அவசரம் கிடையாது. 2019இல் வாட்டம் வந்தபோது முந்திக்கொள்ளப் போட்ட விதி அது, யாரும் எடுக்காமல் அப்படியே கிடந்திருக்கிறது. எடுத்தார்கள். செக்யூரிட்டி அண்ணன் நாற்காலியை கேட்டின் மறுபக்கம் போடுவது என்றும் முடிவானது. அவரைக் கேட்டதற்கு, "அந்தப் பக்கம் வெயில் சார்" என்றார். ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தார்கள்.

மாமா ரூட்டில் எங்களைத் தவிர இன்னும் ஆறு அபார்ட்மென்ட்கள். அவர்களுக்கு இன்னும் ஏழு மணிதான். ஒவ்வொரு இடத்துக்கும் நான் போய்ப் பேச முடியாது. இரண்டு இடங்களில் மாமாவே பேசிப் பார்த்திருக்கிறார். ஒன்றில் மதியத்துக்கு ஒப்புக்கொண்டார்கள், இன்னொன்றில் வேற லாரி பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

போன வாரம் லாரி வந்தபோது பார்த்தேன். புகை இருந்தது, பழைய கறுப்பு இல்லை. "எவ்வளவு இறக்கியிருக்கீங்க மாமா?" என்றேன்.

"பாதி" என்றார். "நீங்க பாதி பேரு ஒத்துக்கிட்டீங்க, நான் பாதி இறக்கியிருக்கேன். அடுத்த எஃப்.சி.க்கு ஸ்க்ரூவைத் தொடாமப் போய் நிக்கணும்னு இருக்கேன். பாக்கலாம்."

ஹோஸைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டினார். அன்றைக்கு இன்னும் இரண்டு நடை பாக்கி இருந்தது.